லாபம்மாள், பெண், வயது 60

பெரிய காஞ்சிபுரம்
6 ஜூலை 2026

ஆலங்கொல்லைமேடு வார்டு உறுப்பினர் ரேணுகாம்பாள் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நமச்சிவாயம் எழுதுகிறேன். உங்கள் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. கைபேசியில் பேசினால் எனக்குப் பாதிதான் காதில் விழும், விழாத பாதிக்கும் ‘சரி, சரி’ என்று சொல்லிவிடுவேன். அதனால்தான் தபால். பதில் நீளும் போலிருப்பதால், அலுவலகப் பழக்கப்படி முதலில் சுருக்கம் தருகிறேன்.

1. உங்கள் கோரிக்கையை நான் புரிந்துகொண்ட விதம்.
2. 1981இல் உங்கள் ஊரில் நான் தலைக்கணக்கு எடுத்தது.
3. லாபம்மாள் என்ற பெயர் பட்டியலில் ஏறியது எப்படி.
4. கதவு எண் ஒன்றில் யாரும் இல்லை, இருந்ததும் இல்லை.
5. ஆகவே நீங்கள் கேட்கும் சான்றை என்னால் தர இயலாது.

ஐந்தாவதை முதலில் சொல்லியிருந்தால் உங்களுக்கு நேரம் மிச்சம். எனக்குத்தான் தைரியம் வரவில்லை.

முதலாவது. நூறு தலைக்குக் குறைந்த குக்கிராமங்களைப் பக்கத்து ஊரோடு சேர்க்கப்போகிறார்கள். சேர்த்துவிட்டால் பட்டியலில் உங்கள் ஊரின் பெயர் இருக்காது, நீங்கள் பன்னிரண்டு வருடம் அலைந்து வாங்கிய பகுதிநேர ரேஷன் கடை ஏரிக்கரையைத் தாண்டி நான்கு கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். ஊரில் இப்போது தொண்ணூற்றெட்டுப் பேர். உங்கள் மருமகள் பொன்னிக்கு இந்த மாதம் பிரசவம், அதோடு தொண்ணூற்றொன்பது. நூறாவது தலை, கதவு எண் ஒன்றில் இருப்பதாக நீங்கள் எழுதியிருக்கும் லாபம்மாள். அவருக்கு ஆதார் இல்லை, வேறு காகிதமும் இல்லை. பழைய பட்டியலில் மட்டும் பெயர் இருக்கிறது, அதன் அடியில் என் கையெழுத்து இருக்கிறது. ‘இவரை 1981இல் நேரில் பார்த்துப் பதிந்தேன்’ என்று நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், 24ஆம் தேதி வரும் அலுவலர் ஏற்றுக்கொள்வார் என்கிறீர்கள். சரிதானே?

இரண்டாவது. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தறிக்காரர் வீட்டில் முதன்முதலாக அரசாங்க வேலைக்குப் போனவன். குடும்ப அட்டைக்குத் தலைக்கணக்கு எடுக்க என்னைத் தனியாக உங்கள் ஊருக்கு அனுப்பினார்கள். உங்கள் மாமனார் கலியாணசுந்தரம்தான் அன்று ஊர்ப் பெரியவர். ஊரையே வரிசையாக நிற்கவைத்து, கையில் இருந்த குச்சியால் ஒவ்வொருவர் தோளையும் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தார். தொடப்பட்டவர் பெயரைச் சொல்ல, நான் எழுதினேன். புதிய மனிதர்களை நிமிர்ந்து பார்க்க எனக்குக் கூச்சம். பெஞ்சில் உட்கார்ந்து தலையைக் குனிந்தே எழுதினேன். நான் பார்த்ததெல்லாம் கால்கள்தான்.

மூன்றாவது. அவர் எண்ணத் தொடங்கியபோது சொன்ன முதல் சொல் ‘லாபம்’. அதைப் பெயர் என்று நினைத்தேன். “ஆணா, பெண்ணா?” என்று கேட்டேன். வரிசையில் சிரிப்பு எழுந்தது. “பொண்ணுதான் எழுதுபா, லட்சுமி இல்ல?” என்றார் உங்கள் மாமனார். லாபம்மாள், பெண் என்று எழுதினேன். வயதைக் கேட்கக் கூச்சப்பட்டு அறுபது என்று நானே போட்டேன். வரிசையில் முதல் என்பதால் ஊர் முனையில் இருந்த முதல் வீட்டுக்கு எழுதினேன். பிறகு அவர் ‘ரெண்டு, மூணு’ என்று போய் ‘எழுபத்து மூணு’ என்று முடித்தார். என் தாளிலும் எழுபத்து மூன்று பெயர்கள். கணக்கு இவ்வளவு சரியாக வந்ததே என்று பெருமைப்பட்டேன்.

மூன்று வருடம் கழித்து ஓரிக்கையில் ஒரு களத்தில் நெல் அளப்பதைப் பார்த்தேன். அளப்பவர் ‘ஒண்ணு’ என்று சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ‘லாபம்’ என்று சொல்லி, அடுத்த மரக்காலை ‘ரெண்டு’ என்றார். என் பட்டியலின் முதல் பெயர் நினைவுக்கு வந்தது. எங்கள் நெசவாளர் தெருவில் பாவு இழையை ஒன்றிலிருந்துதான் எண்ணுவோம். எனக்கு அந்த வழக்கம் தெரிந்திருக்கவில்லை.

நான்காவது. ஆகவே லாபம்மாள் மனுஷி அல்ல, நெல் அளக்கும் சொல். நான் வாய் திறக்கவில்லை. எனக்குப் பின்னால் வந்தவர்கள் என் பட்டியலைப் பார்த்து எழுதினார்கள். 1991இல் அவருக்கு வயது எழுபது, 2001இல் எண்பது. ஒரு சொல்லுக்கு வயதாகிக்கொண்டே போனது.

ஐந்தாவதை மேலே சொல்லிவிட்டேன். மன்னிக்க வேண்டும்.

இப்படிக்கு,
நமச்சிவாயம்


ஆலங்கொல்லைமேடு
10.7.2026

நமச்சிவாயம் சாருக்கு,

வணக்கம் சார். எனக்கு ஆபீஸ் தமிழ் வராது, பேசற மாதிரியேதான் எழுதறேன். உங்க லெட்டரை தண்ணி டேங்க்கு கிட்ட வெச்சி ஊரு மொத்தத்துக்கும் படிச்சிக் காட்டினேன். படிச்சது தப்போன்னு இப்ப தோணுது. அதுக்கப்புறம் யாரும் சரியா பேசிக்க மாட்டேன்றாங்க.

நான் 1990ல இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தேன். வந்த முதல் வெள்ளிக்கிழமை எங்க மாமியா ஒரு தட்டுல சோறு போட்டுக் குடுத்து, “முதல் வூட்டுப் படியில வெச்சிட்டு வாம்மா. உள்ள எட்டிப் பாக்காத”ன்னாங்க. யாருன்னு கேட்டேன். “லாபம்மா. பாவம், படுத்த படுக்க”ன்னாங்க. இங்க எல்லா வூட்டுக்கும் முறை உண்டு. வெள்ளிக்கிழமை எங்க வூடு. முப்பத்தாறு வருஷமா மத்தியானம் வெக்கிறேன், சாயங்காலம் எடுத்துக்கினு வரேன். தட்டு கழுவி, கவுத்து வெச்சிருக்கும். அடியில ஈரம் இருக்கும்.

நாங்க யாரும் அவங்க மூஞ்சிய பாத்ததில்ல சார். அது எங்களுக்கு அதிசயமாவும் தெரியல. ஊருன்னா ஒரு வூடு அப்படி இருக்கும்னு இருந்துட்டோம்.

லெட்டரை படிச்சதும் என் புள்ள அருள்தான் முதல்ல சிரிச்சான். “அப்ப போன வருஷம் சாம்பார்ல உப்புக் கரிக்குதுன்னு அப்படியே திருப்பி வெச்சது யாரும்மா?”ன்னான். பக்கத்து வூட்டு கமலாட்சிக்கு கோவம் வந்துடுச்சி. “என் வூட்டுக் கொழம்பு மட்டும் ஒரு நாளும் மிச்சம் வந்ததில்லடா. ஆளே இல்லன்னு சொல்லாத”ன்னா.

சான்று குடுக்க முடியாதுன்னு எழுதிட்டீங்க. உங்க மனசு எனக்குப் புரியுது, பொய் சொல்ல பயப்படறீங்க. ஆனா ஊரு பேரு போனா திரும்பி வராது சார். எழுபது வயசுக்கு மேல இங்க பதினோரு பேரு இருக்காங்க. கடை தள்ளிப் போச்சின்னா அவங்க அரிசிக்கு ஏரிக்கரையில நாலு கிலோமீட்டர் நடக்கணும்.

இன்னிக்கு வெள்ளிக்கிழமை. உங்க லெட்டரை மடிச்சி இடுப்புல சொருகிக்கினுதான் தட்டை வெச்சேன். இப்பதான் எடுத்துக்கினு வந்தேன். கழுவித்தான் இருக்குது.

யாரும் இல்லன்னா தட்டை யாரு சார் கழுவறாங்க?

ரேணுகாம்பாள்


பெரிய காஞ்சிபுரம்
13 ஜூலை 2026

மதிப்பிற்குரிய அம்மா,

உங்கள் கடைசி வரியை இரண்டு நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தோன்றியவற்றை எழுதுகிறேன், இவற்றிலும் தவறு இருக்கலாம்.

நாயோ காக்கையோ சோற்றைத் தின்னும், தட்டைக் கழுவிக் கவிழ்க்காது. ஆகவே ஒரு மனிதக் கை. அந்தக் கை உங்கள் ஊர்க்காரர் ஒருவருடையதாகத்தான் இருக்க வேண்டும். ஒருவேளை உங்கள் மாமனார் காலத்தில் யாரிடமாவது அந்த வேலையை ஒப்படைத்திருக்கலாம். தாயிடமிருந்து மகள், மகளிடமிருந்து மருமகள் என்று அது ரகசியமாகத் தொடரலாம். ஒவ்வொரு வீட்டிலும் அமைதியாக விசாரியுங்கள். தயவுசெய்து கதவைத் திறக்க வேண்டாம். ஏன் வேண்டாம் என்று காரணம் கேட்காதீர்கள், என்னிடம் இல்லை.

கழுவும் கை ஊர்க்காரர் கை என்றால், அவர் ஏற்கெனவே அந்தத் தொண்ணூற்றெட்டில் ஒருவர். ஒருவரை இரண்டு தடவை எண்ண முடியாது. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

நான் செய்த பிழையைத் தாலுகா அலுவலகத்துக்கு எழுதித் தெரிவிக்க முடிவு செய்திருக்கிறேன். கடிதம் தயார். நாற்பத்தைந்து வருடம் தாமதம், ஆனாலும் 24ஆம் தேதிக்கு முன் அவர்கள் கையில் இருக்க வேண்டும். அடுத்த திங்கள்கிழமை தபாலில் சேர்ப்பேன். உங்களுக்குத் தெரியாமல் செய்ய மனம் வரவில்லை. 1981இல் நான் வைத்திருந்த குறிப்பு நோட்டுப் புத்தகம் தம்பி வீட்டுப் பரணில் இருக்க வேண்டும். அதையும் தேடச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று. நேற்று மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது, எங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று ஏனோ எண்ணிப் பார்த்தேன். மகன், மருமகள், பேத்தி அபிநயா. மூன்று. நான்கு அல்லவா வரவேண்டும் என்று திடுக்கிட்டு இரண்டாம் முறை எண்ணினேன். மறுபடியும் மூன்று. என்னைச் சேர்க்கவில்லை என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. எண்ணுகிறவன் தன்னை விட்டுவிடுவது சகஜம்தான். ஆனால் சோறு இறங்கவில்லை.

இப்படிக்கு,
நமச்சிவாயம்


ஆலங்கொல்லைமேடு
17.7.2026

சாருக்கு,

கதவைத் திறந்துட்டேன்.

முதல்ல நல்ல சேதியை சொல்லிடறேன். பொன்னிக்கு இன்னிக்கு விடியக்காலம் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில பொண்ணு பொறந்திருக்குது. ஆறரை மணிக்கு அருள் போன் பண்ணான். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.

நீங்க சொன்ன மாதிரி வூடு வூடா விசாரிச்சேன். தட்டை நான் கழுவறேன்னு ஒருத்தரும் சொல்லல. எல்லாருமே பக்கத்து வூட்டைக் காட்டறாங்க. கடைசியில சுத்தி வந்து எங்க வூட்டையே காட்டறாங்க. இன்னிக்கு வெள்ளிக்கிழமை, எங்க முறை. கமலாட்சியைக் கூட்டிக்கினு பதினோரு மணிக்கே தட்டோட போனேன். வெயில் சுள்ளுன்னு அடிக்குது. அந்த நேரத்துல பயம் வராதுன்னு நெனச்சேன்.

கதவு தாப்பாள் போடல சார். தொட்டதும் தொறந்துக்கிச்சி. உள்ள ஒரே ஒரு ரூமுதான். பின்கதவு ஏரிக்கரைப் பக்கம் தொறந்து கெடந்தது. தரை அப்பதான் பெருக்கின மாதிரி இருந்தது. ஒரு பாய், ஒரு குடம். ஆளு இல்ல. பின்கதவுலேர்ந்து பாய் வரைக்கும் ஈரக் காலடி. திரும்பிப் போன காலடி இல்ல. கமலாட்சிதான் குனிஞ்சி பாத்துட்டு, “அக்கா, இடது கால்ல சுண்டு விரல் பதியலக்கா”ன்னா.

அப்புறம் செவுத்தைப் பாத்தோம். கரித்துண்டால கோடு கோடா இழுத்திருக்குது. ஒரு செவுரு பூரா. நிறைய கோட்டுக்குக் குறுக்க இன்னொரு கோடு அடிச்சிருக்குது. எனக்கு சட்டுனு புரிஞ்சிடுச்சி, அடிச்சதெல்லாம் செத்தவங்க. எங்க வூட்டுக்காரரும் அதுல ஒரு கோடா இருப்பாரு. அடிக்காத கோட்டை மட்டும் எண்ணலாம்டின்னு கமலாட்சி கிட்ட சொன்னேன். செவுத்துல முதல்ல இருக்கிறது கோடு இல்ல சார், ஒரு வட்டம். அவ அதுமேல வெரலை வெச்சி, பழக்கதோஷத்துல “லாபம்”னா. அதுக்கப்புறம் ரெண்டு, மூணுன்னு எண்ணினா.

நூறுல முடிஞ்சிது.

வட்டம் ஒண்ணு, கோடு தொண்ணூத்தொம்பது. எங்க ஊர்ல நேத்து வரைக்கும் தொண்ணூத்தெட்டு பேருதான் சார். கடைசிக் கோட்டுக்கு அடியில தரையில கரித்தூள் அப்படியே கொட்டியிருந்தது. என் பேத்தி பொறந்து அஞ்சு மணி நேரம்தான் ஆவுது.

தட்டைப் படியில வெச்சிட்டு வந்துட்டோம். ஓடல, நடந்துதான் வந்தோம். ஓடினா கேக்கும்னு தோணிச்சி.

அந்த லெட்டரைப் போடாதீங்க சார். யாரோ எங்களை நாப்பத்தஞ்சு வருஷமா ஒரு தலை விடாம எண்ணிக்கினு இருக்காங்க. அவங்க தலைய எண்ண நாங்க ஒரு கையெழுத்துதான் கேக்கறோம்.

ரேணுகாம்பாள்


பெரிய காஞ்சிபுரம்
20 ஜூலை 2026

மதிப்பிற்குரிய அம்மா,

பேத்தி பிறந்ததில் மகிழ்ச்சி. குழந்தைக்கு என் ஆசிகள்.

கடிதம் என் சட்டைப் பையில் இருக்கிறது. இன்று காலை காமாட்சியம்மன் கோயில் பக்கம் உள்ள தபால் பெட்டி வரை இரண்டு முறை போய்த் திரும்பினேன். பூக்காரம்மாள், “என்னா சாமி தொலைச்சீங்க?” என்று கேட்டார்.

நீங்கள் எழுதியது எதையும் நான் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் என் புத்தி ஒரே இடத்தில் நிற்கிறது. கோடு இழுத்த கையும் உங்கள் தொண்ணூற்றெட்டில் ஒன்றாக இருக்கலாம். அருள் உங்களிடம் பேசும் முன்பே வேறு யாரிடமாவது கைபேசியில் சொல்லியிருக்கலாம். திரும்பிப் போன காலடி வெயிலில் காய்ந்திருக்கலாம். வந்த காலடி மட்டும் ஏன் காயவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியவில்லை.

நான் அங்கே வரவேண்டும் என்பதுதான் நியாயம். வேலூர் பேருந்தில் ஏறினால் அரை மணி நேரம், பிறகு ஒரு ஆட்டோ. மூட்டு வலி என்று எழுதத் தொடங்கினேன். அதை அடித்திருப்பது உங்களுக்குத் தெரியும். மூட்டு வலி இல்லை.

நான் பார்க்காத ஒருவரைப் பார்த்தேன் என்று எழுதுவது என்னால் ஆகாது. நாளை காலை கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிடுவேன். உங்கள் கோபத்துக்கு நான் தகுந்தவன்தான்.

இப்படிக்கு,
நமச்சிவாயம்


ஆலங்கொல்லைமேடு
25.7.2026

சாருக்கு,

உங்க லெட்டரு தாலுகா ஆபீசுக்குப் போய் சேந்துதா இல்லையா தெரியல. கணக்கெடுக்க வந்த அம்மா அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. எனக்கு உங்க மேல கோவம் இருக்குது. இருந்தாலும் நேத்து நடந்ததை உங்களுக்கு சொல்லாம இருக்க முடியல. வேற யாருக்கு சொன்னாலும் புரியாது.

நீங்க எழுதினதை மனசுல வெச்சித்தான் நான் ஒரு வேலை பண்ணேன். கழுவறது ஊர்க்காரங்க கைதான்னு சொன்னீங்க இல்ல? அதனால நேத்து காலையில ஊரு மொத்தத்தையும் தெருவுக்கு வரச் சொல்லிட்டேன். பொன்னியும் கைக்குழந்தையோட அம்மா வூட்டுக்குப் போவாம ஆட்டோவுல இங்க வந்துட்டா. எழுந்து நடக்க முடியாத கோதண்டபாணி தாத்தாவை நாற்காலியோட தூக்கிக்கினு வந்தாங்க. நானே ரெண்டு வாட்டி தலைய எண்ணினேன். தொண்ணூத்தொம்பது. ஒருத்தரும் வூட்டுக்குள்ள இல்ல.

தாத்தாவுக்கு எண்பத்தெட்டு வயசு. நீங்க கணக்கெடுத்த அன்னிக்கு வரிசையில நின்னவரு. “முன்னாடி நின்னது யாரு தாத்தா?”ன்னு கேட்டேன். “யாருக்குத் தெரியும்மா? அவனவன் தனக்கு முன்னாடி நின்னவன் முதுகைத்தான் பாத்தான். முதல்ல நின்னது வேற யாரோ வூட்டுப் பொம்பளைன்னு அல்லாரும் நெனச்சிக்கினோம். உன் மாமனாரு கிட்ட அப்புறமா கேட்டேன். ‘சர்க்காரு எழுதிட்டாங்கடா, அப்ப இருக்கா. வுடு’ன்னுட்டான்”னாரு.

பதினோரு மணிக்கு வி.ஏ.ஓ. காயத்ரி வந்தாங்க. சின்ன வயசுப் பொண்ணு, கையில டேப்லெட். ஊரு முனையில முதல் வூட்டுலேர்ந்து ஆரம்பிச்சாங்க. கதவு சாத்தியிருந்தது. நாங்க எல்லாரும் அவங்க பின்னாடி தெருவுல நிக்கறோம். நான் அவங்க பக்கத்துல, தோளுக்குத் தோள் நிக்கறேன். அதை நல்லா ஞாபகம் வெச்சிக்கோங்க சார், நாளைக்கி நான்தான் குரல் குடுத்தேன்னு நீங்க எழுதுவீங்க.

அவங்க கதவைத் தட்டி, “பாட்டி, உள்ள இருக்கீங்களா? பேரு என்னா?”ன்னு கேட்டாங்க.

அப்புறம் உள்ளேர்ந்து, “லாபம்”.

கத்தல, முனகல. நெல்லு அளக்கறவங்க சொல்ற மாதிரி ஒரு இழுப்போட சொல்லிச்சி. என் பின்னாடி கமலாட்சி வாயிலேர்ந்து “ரெண்டு”ன்னு வந்தது. அவ வேணும்னு சொல்லல சார். அப்புறம் அவ பக்கத்துல இருந்தவரு “மூணு”. அப்புறம் “நாலு”. யாரும் யாரையும் பாக்கல. பேசத் தெரியாத புள்ளைங்களுக்கு அம்மாக்காரங்க சொன்னாங்க. என் முறை வந்தப்ப நான் “நாப்பத்தாறு”ன்னேன், ஏன் சொன்னேன்னு தெரியாது. தெருக்கோடியில பொன்னி கொழந்தையைத் தூக்கிப் புடிச்சி, “நூறு”ன்னா.

காயத்ரி என் பக்கம் திரும்பினாங்க. “ஏன்க்கா, அது பாட்டி குரல் மாதிரி இல்லையே”ன்னாங்க. “அப்ப எப்படிம்மா இருக்குது?”ன்னு கேட்டேன். அவங்க டேப்லெட்டுல நூறுன்னு அழுத்திட்டு, “பழைய ரெக்கார்டுக்கு ஒரு சான்று மட்டும் ஏழு நாள்ல குடுத்துடுங்கக்கா, இல்லன்னா அந்த ஒரு தலைய மேல எடுத்துடுவாங்க”ன்னு சொல்லிட்டு வண்டியை எடுத்தாங்க. மத்த வூட்டுக்கு அவங்க போவவே இல்ல.

இப்பவும் எல்லாம் உங்க ஒரு கையெழுத்துலதான் நிக்குது. வெள்ளிக்கிழமை கெடு.

ரேணுகாம்பாள்

பி.கு. நேத்து எங்க முறைதான். கூட்டத்துல தட்டு வெக்க மறந்துட்டேன். சாயங்காலம் போய் பாத்தா படியில ஒரு தட்டு இருக்குது, கழுவி, கவுத்து. எங்க வூட்டுத் தட்டுதான்.


பெரிய காஞ்சிபுரம்
29 ஜூலை 2026

மதிப்பிற்குரிய ரேணுகாம்பாள் அம்மா அவர்களுக்கு,

இதைத் தபாலில் அனுப்பினால் வெள்ளிக்கிழமைக்குள் வராமல் போகலாம். அதனால் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். முதலில் உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பேன். நேரில் எனக்கு வாய் வராது, படித்துக்கொள்ளுங்கள்.

தாலுகா அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்தை நான் போடவில்லை. செவ்வாய்க்கிழமையும் பெட்டி வரை போனேன். என் நேர்மை தடுத்தது என்று சொல்ல ஆசைதான். கை வரவில்லை, அவ்வளவுதான். அது இப்போது கிழிபட்டுவிட்டது.

உங்கள் கடிதத்தைத் திங்களன்று படித்தேன். ஊர் முழுவதும் எண்ணிய இடம் வந்தபோது, என்னை அறியாமல் நானும் விரல் மடக்கி எண்ணத் தொடங்கினேன். லாபம் என்று வாய் சொன்னது, கட்டைவிரல் மடங்கியது. ரெண்டு என்றேன், அடுத்த விரல். அப்படியே நின்றுவிட்டேன். லாபத்துக்கும் ஒரு விரல் மடங்குகிறது, அம்மா. ஓரிக்கைக் களத்தில் அவர் லாபம் என்று சொல்லும்போது மரக்கால் காலியாகவா இருந்தது? நிறைய நெல் இருந்தது. ஒன்று என்ற சொல்லைத்தான் அவர் சொல்லவில்லை, நெல்லை விடவில்லை.

இப்போது ஒரு கழித்தலைப் பாருங்கள். உங்கள் மாமனார் எழுபத்து மூன்று என்று முடித்தார். அவர் குச்சி எழுபத்து மூன்று தோள்களைத் தொட்டிருக்கிறது. லாபம் வெறும் சொல்லாக இருந்து, நான் அதை ஆளாக எழுதியிருந்தால், என் தாளில் எழுபத்து நான்கு பெயர்கள் வந்திருக்க வேண்டும். வந்தது எழுபத்து மூன்று. கணக்கு சரியாக இருந்தது என்று உங்களுக்கு நானே பெருமையாக எழுதினேன். அதன் அர்த்தம் எனக்கு நாற்பத்தைந்து வருடம் தெரியவில்லை. அந்த வரிசையில் முதலாவதாக ஒருவர் நின்றார். குச்சி அவர் தோளைத் தொட்டது. அவர் பெயரைச் சொல்ல வாயெடுக்கும் முன் நான் எண்ணை எழுதி, இரண்டாமவருக்குப் போய்விட்டேன்.

நேற்று தம்பி மகன் விக்னேஷ் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். கரையான் ஓரத்தை மட்டும் தின்றிருக்கிறது. பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி ஒவ்வொருவருக்கும் எதிரே அங்க அடையாளம் குறித்திருக்கிறேன். முகத்தைப் பார்க்காதவன் என்ன குறிப்பான்? எல்லாம் கால்தான். ‘குதிகால் வெடிப்பு.’ ‘வலது கணுக்காலில் தழும்பு.’ ‘இரு காலிலும் மெட்டி.’ முதல் வரியை அப்படியே எழுதுகிறேன்.

‘1. லாபம்மாள். பெ. 60. கால்கள் ஈரம். இ. கால் சுண்டு விரல் இல்லை.’

இதை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததால் என் ஞாபகம் இப்படி ஒன்றை உண்டாக்கிக்கொண்டது என்று சொல்லலாம், நானே சொல்லியிருப்பேன். ஆனால் இது ஞாபகம் இல்லை, மை. நீல மை பழுப்பாகிவிட்டது. அன்று பங்குனி, ஏரி வற்றியிருந்த மாதம். அந்தக் கால்கள் எதனால் ஈரம் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. இன்றைக்கு யோசிக்க விரும்பவில்லை.

வயது அறுபது என்பதும் நான் போட்டதுதான். அவருக்கு அன்று எத்தனை வயதோ. இருபது கூட இருந்திருக்கலாம். காயத்ரி கேட்ட குரல் பாட்டி குரலாக இல்லாததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இந்தக் கடிதத்தோடு நான் கையெழுத்திட்ட சான்று இருக்கிறது. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ‘1981இல் ஆலங்கொல்லைமேட்டில் கதவு எண் ஒன்றுக்குப் பதிந்த பெண்ணை நான் நேரில் பார்த்தேன்’ என்று எழுதியிருக்கிறேன். முழுதாகப் பார்க்கவில்லை, கணுக்கால் வரை பார்த்தேன். நோட்டுப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தையும் நகலெடுத்து வைத்திருக்கிறேன். ஊர் நூறு தலைதான். யாரையும் இரண்டு தடவை எண்ணவில்லை. கடை அங்கேயே இருக்கட்டும்.

இதைப் படித்து முடித்ததும் தட்டை என்னிடம் கொடுங்கள். நான் அந்தப் படியில் வைக்கிறேன். அவரை ஒரு கேள்வி கேட்க வேண்டும். ‘லாபம்’ என்று பதில் வந்தால், ‘அது எண், அம்மா. உங்கள் பெயர் என்ன?’ என்று மறுபடி கேட்பேன். இந்த முறை அவர் சொல்லி முடிக்கும் வரை எழுத மாட்டேன். தலையையும் நிமிர்த்திக்கொள்ள முயல்கிறேன். என்னால் முடியாவிட்டால் நீங்கள் என் பக்கத்தில் நில்லுங்கள்.

என் முதல் கடிதத்தின் ஐந்து குறிப்புகளில் மற்றவை எப்படியோ போகட்டும். ‘கதவு எண் ஒன்றில் யாரும் இல்லை’ என்ற நான்காவது குறிப்பு தவறு.

நமச்சிவாயம்